ஊசியிலைத் தூளும் வெங்காயமில்லாத கோடையும்

கொரோனா வந்த முதல் வருடத்தின் இலையுதிர் காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே கிழமையில் காய்ச்சல் வந்தது. எனக்கு நான்கு நாள், கணவருக்கு மூன்று நாள். அவர் சுவிஸில் ஷாஃப்ஹவுசன் நகரத்தில் பஸ் ஓட்டுகிறார். நான் அதே நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். கல்யாணம் கட்டி இருபத்திரண்டு வருடத்தில் இரண்டு பேரும் பத்து நாள் ஒன்றாக வீட்டுக்குள் இருந்தது அதுதான் முதல் தடவை.

காய்ச்சல் விட்ட மறுநாள் குழம்பு வைக்கலாம் என்று கறித்தூள் போத்தலைத் திறந்தேன். மணம் இல்லை. தூள் பழசாகிவிட்டது என்று நினைத்து ஒரு புதுப் பையை வெட்டினேன். அதிலும் மணம் இல்லை. பிறகு கோப்பி, உள்ளிப்பூண்டு, கற்பூரம் என்று வீட்டில் இருந்த மணமுள்ள சாமான்களை ஒவ்வொன்றாக மூக்கில் பிடித்துப் பார்த்தேன். கடைசியில் சாமிப்படத்துக்கு முன்னால் ஊதுபத்தியைக் கொளுத்தி, புகைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். கண் மட்டும் எரிந்தது.

“என்ன செய்யிறீர்?” என்று கணவர் கேட்டார்.

“உங்களுக்கு இது மணக்குதோ?”

“ஓம். வடிவா மணக்குது.”

“எனக்கு ஒண்டும் மணக்கேல்லை.”

“ரெண்டு நாளிலை வந்திடும்,” என்று சொல்லிவிட்டு அவர் திரும்பவும் படுக்கப் போனார்.

இரண்டு நாளில் வரவில்லை. இரண்டு மாதத்திலும் வரவில்லை. நாக்குக்கு உப்பு தெரிந்தது, புளி தெரிந்தது, மிளகாய் எரிந்தது. மற்றது எல்லாம் ஈரக் கடதாசியை மென்றது போலத்தான். ஒரு நாள் சீரகத்தை வறுக்க வைத்துவிட்டுத் தொலைபேசியில் கதைத்துக்கொண்டு நின்றேன். கூரையில் இருந்த புகை மணி அடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். புளித்துப்போன பாலில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். கணவர் ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பையைத் தொட்டிக்குள் கவிழ்த்தார். வேலை இடத்தில் பொறுப்பாளரிடம் உள்ளதைச் சொன்னேன். சூப்பை ருசி பார்க்கும் வேலையை என் கூட்டாளிக்கு மாற்றிவிட்டு, என்னை வெட்டுகிற மேசையில் நிறுத்தினார்.

மூக்கு டாக்டர், மூக்குக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றார். ரோசா, எலுமிச்சை, கராம்பு, யூக்கலிப்டஸ் என்று நான்கு சின்னப் போத்தல்கள். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் கொஞ்ச நேரம் முகர்ந்து, அந்த மணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கணவர் எதிரில் இருந்து, “இது ரோசா, நினையும். இப்ப கராம்பு, நினையும்,” என்று பஸ்ஸில் நிறுத்தம் அறிவிக்கிற குரலில் சொல்லுவார். நான் நினைத்தேன். நன்றாகவே நினைத்தேன்.

2021ஆம் ஆண்டு மார்ச்சில் மணம் திரும்பி வந்தது. ஆனால் கோணலாக வந்தது. ஒரு காலை கோப்பி போடும்போது, குப்பைத் தொட்டிக்குள் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். தொட்டியைக் கழுவினேன். தொட்டி இருந்த அலுமாரியையும் கழுவினேன். நாற்றம் கோப்பியிலிருந்துதான் வருகிறது என்று கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் ஆனது. அன்று பின்னேரம் வெங்காயம் வதக்கினேன், அதுவும் அதே நாற்றம். உள்ளியும் அப்படித்தான். வறுத்த தூளும் முட்டைப் பொரியலும் இறைச்சியும் அப்படித்தான். டாக்டரிடம் சொன்னபோது அவர் சந்தோஷப்பட்டார். நரம்பு திரும்ப முளைக்கிறது, முதலில் பிழையான இடத்தில் போய்த் தொடுகிறது, பொறுத்திருங்கள் என்றார்.

வெங்காயம், உள்ளி, வறுத்த தூள் மூன்றும் இல்லாமல் எங்கள் ஆட்கள் வீட்டில் என்ன சமைப்பது? நான் தயிரும் சோறும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டேன். ஆறு கிலோ குறைந்தேன். கணவர் முதல் கிழமை பெருந்தன்மையாக எனக்குத் துணையாகத் தயிர்ச்சோறு சாப்பிட்டார். இரண்டாம் கிழமை, குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு பல்கனியில் நின்று வெங்காயம் வெட்டினார். சின்ன மின்னடுப்பு ஒன்றையும் அங்கே கொண்டுபோய் வைத்து, கண்ணாடிக் கதவை இறுக மூடிவிட்டு, முட்டைப் பொரியல் செய்தார். எதிர்வீட்டுப் பல்கனியில் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிய பெண் அவரைப் பார்த்துக் கை காட்டினாள். அவரும் கரண்டியைத் தூக்கிக் காட்டினார்.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் வேலையில் பத்து மணி இடைவேளை. சூப் ருசி பார்க்கும் என் கூட்டாளியும் நானும் பின்கதவுப் படியில் இருந்தோம். அவர் சுவிஸ்காரி, கிளெட்கௌ பக்கம் ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு கடதாசிப் பையும் மடக்குக் கத்தியும் இருக்கும். வழியில் காளான் கண்டாலும் கீரை கண்டாலும் விடமாட்டார். அன்று தோலோடு அவித்த உருளைக்கிழங்கு கொண்டுவந்திருந்தார். ஒன்றை எனக்குப் பிளந்து தந்து, சின்னப் போத்தலிலிருந்து பச்சை நிறத்தில் ஏதோ தூவினார்.

உப்பு. பிறகு எலுமிச்சை மாதிரி ஒரு புளிப்பு. அதற்குப் பிறகு வந்தது நாக்கில் இல்லை, மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே. குளிர்ந்த, சுத்தமான ஏதோ ஒன்று. அழுகல் இல்லை. நான் மெல்லுவதை நிறுத்திவிட்டு இருந்தேன்.

“பிடிக்கவில்லையா?” என்று கேட்டார்.

“இன்னொன்று தாருங்கள்,” என்றேன்.

மூன்று கிழங்கு சாப்பிட்டேன். அவருக்கு மிச்சமாக ஒன்றுதான் இருந்தது. அதையும் என் பக்கம் தள்ளிவிட்டு, தூள் என்னவென்று சொல்வதற்குப் பதிலாக மதிலுக்கு அப்பால் நின்ற ஊசியிலை மரத்தைக் கையால் காட்டினார். “வைஸ்டன்னெ. இப்போதுதான் குருத்து விடுகிறது. சனிக்கிழமை வருகிறாயா?”

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

“கிறிஸ்மஸ் மரத்தையோ?” என்றார்.

“அதின்ரை குருத்தை.”

“அதை ஆரும் தின்னுவினமோ?”

“நான் திண்டிட்டன். மூண்டு கிழங்கோடை.”

மூன்று கிழங்கு என்றது அவருக்கு விளங்கியது. “சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. நானும் வாறன்,” என்றார்.

ராண்டன் மலை அடிவாரம் வரை பஸ்ஸில் போனோம். அன்று வேறு ஒருவர் ஓட்ட இவர் பயணியாக இருந்தார். ஒவ்வொரு வளைவிலும் ஓட்டியவரைப் பற்றி என் காதுக்குள் விமர்சனம். இறங்கி முக்கால் மணித்தியாலம் நடந்ததும் காடு வந்தது. நாங்கள் இந்த நாட்டில் எத்தனையோ காட்டுப் பாதைகளில் நடந்திருக்கிறோம். மரங்களை ஒரு மரத்திலிருந்து இன்னொன்றாகப் பிரித்துப் பார்த்ததில்லை. எல்லாம் ஒரே பச்சைச் சுவர்.

கூட்டாளி முதலில் சட்டம் சொன்னார். உச்சிக் குருத்தைத் தொடக் கூடாது, தொட்டால் மரம் வளராது. சின்னக் கன்றில் பறிக்கக் கூடாது. பக்கக் கிளையில் மட்டும், ஒரு மரத்தில் சில குருத்து, பிறகு அடுத்த மரம். வீட்டுக்குத் தேவையானது மட்டும். அடுத்ததாகப் பாதையோரம் நின்ற ஒரு கரும்பச்சைப் புதரின் முன்னால் எங்களை நிறுத்தினார்.

“இது ஐபெ. நஞ்சு. குதிரை தின்றால் குதிரை விழும். இதற்கும் ஊசியிலை தட்டைதான், மெத்தென்றுதான் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன்.”

பிறகு வைஸ்டன்னெயைக் காட்டினார். அதன் முதிர்ந்த ஊசியைத் திருப்பினால் அடியில் இரண்டு வெள்ளைக் கோடு நீளத்துக்கு ஓடும். ஐபெக்கு அது இல்லை. இளங்குருத்தில் கோடு சரியாகத் தெரியாது, ஆகவே அதே கிளையில் பின்னால் உள்ள பழைய ஊசியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் நசித்து முகர வேண்டும்.

“முகர்வதற்குத்தான் எனக்கு மூக்கு இல்லையே,” என்றேன்.

“அதற்குத்தானே அவர் வந்திருக்கிறார்,” என்றார்.

நான் ஒரு குருத்தைக் கிள்ளி நசித்துக் கணவரின் மூக்குக்குக் கீழே பிடித்தேன். “என்ன மணம்?”

“நல்ல மணம்.”

“நல்ல மணமெண்டா என்ன மாதிரி?”

“மரம் மாதிரி.”

“மரத்திலை நிண்டு பிடுங்கினது மரம் மாதிரித்தானே மணக்கும். வேறை என்ன?”

அவர் கண்ணை மூடினார். இந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு மணத்தைப் பற்றி இரண்டு சொல் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. கறி நல்லாயிருக்கு, கறி சரியில்லை, அவ்வளவுதான். இப்போது காட்டுக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். “ஆரஞ்சுத் தோல்,” என்றார். “தோடம்பழத்தை உரிக்கேக்கை ஒரு தூறல் அடிக்கும் எல்லே, அது. அதுக்குப் பின்னாலை புதுசா வெட்டின பலகை. தச்சுப் பட்டறைக்குள்ளை ஆரோ இருந்து தோடம்பழம் உரிக்கிற மாதிரி.”

அவர் சொல்லச் சொல்ல, நான் அதை நினைத்தேன். நான்கு போத்தலையும் வைத்து மாதக்கணக்கில் வராத நினைவு அப்போது வந்தது. மூக்குக்கு வந்ததா, மனதுக்கு வந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. கூட்டாளிக்கு எங்கள் பாஷை விளங்காது. ஆனால் அவர் பறிப்பதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் தடவை செய்த தூள் நாசமானது. எனக்கு அவசரம். ஓவனில் நூறு பாகைச் சூட்டில் வைத்தேன். குருத்தெல்லாம் வைக்கோல் நிறமாகி, தொட்டால் உதிர்ந்தது. கணவர் முகர்ந்து பார்த்து, “இது இப்ப புல்லு. மாட்டுக்குப் போடலாம்,” என்றார். போதாக்குறைக்கு, மிளகாய்த்தூள் அரைக்கிற கிரைண்டரில் அரைத்துவிட்டேன். எவ்வளவு கழுவியும் அது தன் குணத்தை விடவில்லை.

அடுத்த கிழமை புதுக் கிரைண்டர் வாங்கினோம். இந்தமுறை கூட்டாளி சொன்னபடி செய்தேன். இரண்டு கை குருத்தைக் காம்பு நீக்கிப் பொடியாக நறுக்கி, ஒரு கை கல்லுப்போடு சேர்த்து அரைத்தால் ஈரப் பச்சை மணல் போல வரும். அதைக் கடதாசியில் மெல்லியதாகப் பரப்பி, வெயில் படாமல், பல்கனிக் கதவுக்கு உள்ளே இரண்டு நாள் காயவிட வேண்டும். அவருடைய தூள் அதோடு முடிந்தது. உப்பும் ஊசியும் மட்டும்.

நான் அங்கே நிற்கவில்லை. எனக்குக் கறித்தூள் வேண்டும். வறுத்தது எதையும் நான் நெருங்க முடியாது, ஆகவே வறுக்காத மல்லி. மல்லி பச்சையாக இருக்கும்போது அதுவும் ஒரு தோடம்பழ மணந்தான் என்று கணவர் கண்டுபிடித்துச் சொன்னார், அவருக்கே ஆச்சரியம். காய்ந்த எலுமிச்சைத்தோல், மிளகு, கொஞ்சம் பெருஞ்சீரகம். நிழலில் காய்ந்த கறிவேப்பிலை. ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரு சிட்டிகையை அவித்த கிழங்கில் தூவி அவருக்குக் கொடுப்பேன். அவர் தீர்ப்புச் சொல்லுவார்.

“இது தலையிடித் தைலம்.”

ஊசியைக் குறைத்தேன்.

“இது ரசம். மரம் எங்கை போச்சு?”

ஊசியைக் கூட்டினேன்.

ஐந்தாவதோ ஆறாவதோ தடவை, அவர் இரண்டாம் கிழங்குக்குக் கையை நீட்டினார். நான் அளவை ஒரு துண்டில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

ஜூன் முதல் கிழமை, தூள் முடிந்துவிட்டது. குருத்துக் காலமும் முடியப் போகிறது. எனக்கு ஓய்வு நாள், கணவருக்கு வேலை. நான் தனியாகப் பையோடு புறப்பட்டேன். ராண்டன் வரை போகச் சோம்பல். நகரத்துக்கு மேலே இருந்த காட்டில் நடந்தேன். ஒரு வளைவில் இளம்பச்சைக் குருத்து, தட்டை ஊசி, தொட்டால் மெத்தென்று. சந்தோஷத்தில் இரண்டு கை பறித்தேன். மேலே போனதும் சந்தேகமில்லாத வைஸ்டன்னெ ஒன்று நின்றது, அதிலும் பறித்தேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சேர்த்து நறுக்கி உப்போடு பிசைந்து கோப்பையில் வைத்தேன்.

கணவர் நாலரைக்கு வந்தார். கை கழுவிவிட்டு, வழக்கம்போலக் கோப்பையை எடுத்து முகர்ந்தார். அவருடைய நெற்றி சுருங்கியது.

“இதிலை பாதி மணந்தான் கிடக்கு.”

“காலம் பிந்திப் போச்சு. குருத்து முத்தியிருக்கும்.”

“இல்லை. பாதி தோடம்பழம் இருக்கு. மற்றப் பாதியிலை ஒண்டும் இல்லை. சும்மா இலை.” விரலால் கிளறினார். “மிச்சக் காம்பு எங்கை?”

காம்புகள் பேசினுக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தன. வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகத் திருப்பினோம். முதல் காம்பில் ஒட்டியிருந்த பழைய ஊசியில் இரண்டு வெள்ளைக் கோடு. இரண்டாவதிலும் கோடு. மூன்றாவதில் இல்லை. ஒரே வெளிர்பச்சை. நான்காவதிலும் இல்லை.

“திண்டனீரோ?” அவர் குரலே மாறிவிட்டது.

“இல்லை.”

“ருசி பாத்தனீரோ? விரலைச் சூப்பினனீரோ? யோசிச்சுச் சொல்லும்.”

யோசித்தேன். முந்தைய காலமாக இருந்தால் நறுக்கும்போது ஒரு தடவை, பிசையும்போது ஒரு தடவை, கைப் பழக்கத்தில் நாக்கில் வைத்திருப்பேன். ஆனால் ஏழு மாதமாக ருசி பார்த்துப் பிரயோசனம் இல்லாததால் அந்தப் பழக்கம் விட்டுப் போயிருந்தது. நான் ஒன்றையும் வாயில் வைக்கவில்லை.

படத்தைக் கூட்டாளிக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: ஐபெ. எல்லாவற்றையும் எறி. கையைக் கழுவு. அதற்குப் பிறகும் கணவருக்கு மனம் ஆறவில்லை. நஞ்சு பற்றி ஆலோசனை சொல்லும் தொலைபேசி இலக்கத்துக்கு அடித்தார். மறுமுனையில் ஒரு பெண் நிதானமாக எல்லாவற்றையும் கேட்டாள். வாயில் வைக்கவில்லை என்றால் பயமில்லை, பாத்திரங்களை நன்றாகக் கழுவுங்கள், உடம்புக்கு ஏதாவது செய்தால் உடனே அழையுங்கள் என்றாள். அவர் நன்றி சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார். கோப்பையோடு சேர்த்து, வெட்டும் பலகையையும் ஒரு பைக்குள் போட்டுக் கட்டிக் கீழே கொண்டுபோனார். நல்ல பலகை.

திரும்பி வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

“இனி நான் இல்லாமல் காட்டுக்குப் போகப்படாது.”

“சரி.”

“சரியெண்டு சொல்லிப்போட்டுப் போவீர்.”

“போகமாட்டன்.”

அடுத்த நாள் வேலை முடிந்ததும் அவரே, “இப்ப வெளிக்கிட்டா இருட்டமுன்னம் வரலாம்,” என்றார். ராண்டனுக்கே போனோம். அந்த வருடக் குருத்தின் கடைசி அதுதான். அவர் ஒவ்வொரு கிளையையும் திருப்பிப் பார்த்து, நசித்து, முகர்ந்து, பிறகுதான் பைக்குள் போட விட்டார். சுங்கத்தில் நிற்கிற ஆள் மாதிரி இருந்தது.

அந்தக் கோடை முழுக்க வீட்டில் வெங்காயம் இல்லை. பருப்பில் அந்தத் தூள், தக்காளிக் குழம்பில் அந்தத் தூள், ஓவனில் வைத்த மீனில், பூசணிக்காயில், மோரில் எல்லாம் அதுதான். பாசலில் வேலை செய்யும் எங்கள் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டாள். நான் தூள் போத்தலின் மூடியைத் திறந்து இது என்ன தெரியுமா என்று ஆரம்பிப்பதற்குள், “டன்னெ போட்டிருக்கிறியள் என்ன,” என்றாள். பள்ளிக்கூடத்தில் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது எல்லாரும் தின்றார்களாம். இத்தனை வருடம் எங்களிடம் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை என்றாள்.

நவம்பரில் ஒரு நாள் வேலையில் சூப்புக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். மார்ச்சிலிருந்து இரண்டு முகக்கவசம் போட்டுத்தான் அந்த வேலையைச் செய்வேன். பாதி வெட்டியபோது கண்ணில் நீர் ஓடி, முகக்கவசங்களைக் கழற்றித் துடைத்தேன். துடைத்துவிட்டு வெட்டினேன். நாலைந்து வெங்காயம் போன பிறகுதான், முகத்தில் ஒன்றும் இல்லை என்பது தெரிந்தது. ஒன்றைக் கையில் எடுத்து முகர்ந்தேன். வெங்காயம். வெறும் வெங்காயம். கூட்டாளியைக் கூப்பிட்டேன். அவர் உடனே ஓடிப்போய்த் தன் கோப்பியைக் கொண்டுவந்து என் மூக்குக்கு முன்னால் பிடித்தார். நான் பின்னால் துள்ளினேன். கோப்பியின் மணம் சரியாகி வர இன்னும் ஒரு வருடம் எடுத்தது.

வெங்காயம் வந்ததும் தூள் போத்தல் அலுமாரியின் பின்வரிசைக்குப் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. ஒவ்வொரு மே மாதமும் மூன்று பேரும் ராண்டனுக்குப் போகிறோம். சென்ற வருடம் பின்பனி விழுந்து குருத்தெல்லாம் கருகிக் கிடந்தது. கூட்டாளி கொண்டுவந்த சூப்பைக் குடித்துவிட்டு வெறும் பையோடு திரும்பி, இரண்டு கிழமை கழித்து மறுபடியும் போனோம். கிடைத்தது ஒரு சின்னப் போத்தலுக்குத்தான்.

அதிலும் பாதியைக் காணவில்லை என்று கொஞ்ச நாளுக்கு முன்தான் கவனித்தேன். விசாரித்தேன். கணவர் ஒரு மிட்டாய் டப்பியில் போட்டு வேலைக்குக் கொண்டுபோகிறார். பஸ் தரிப்பிடத்து ஓய்வறையில் மற்றச் சாரதிகள் அவித்த முட்டைக்குத் தூவுகிறார்களாம். இத்தாலிக்காரர் ஒருவர் தக்காளிக்கும் தூவுகிறாராம். இது உங்கள் நாட்டு மசாலாவா என்று அவர் கேட்டாராம்.

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“ஓமெண்டுதான் சொன்னனான்,” என்றார். “பிறகு ஆர் இருந்து விளங்கப்படுத்துறது.”